ஆப்பிளுக்கு ஆண்டுக் கட்டணம்: எப்போது கட்டுவது, யார் பெயரில் கட்டுவது?

இந்தக் கல்வியாண்டில் நமது அறக்கட்டளைக்கு வந்த கல்வி உதவி விண்ணப்பங்களில் ஒன்று எங்களைச் சற்று நேரம் யோசிக்க வைத்தது. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், பஸ் பாஸ் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். இந்த விண்ணப்பத்தில் ஒரு தாயார், "ஆப்பிள் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய வருடப் பணம்" என்று எழுதி, அருகில் ஒன்பதாயிரம் ரூபாய் என்று குறிப்பிட்டிருந்தார்.

விவரம் கேட்க அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். பையன் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். மாலை நேரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் செல்போன் ஆப் செய்யக் கற்றுக்கொள்கிறார். "இந்த மாசத்துக்குள்ள ஆப்பிளுக்குப் பணம் கட்டினாத்தான் அடுத்த பாடம் நடத்துவாங்களாம், காக்கா. காதுல கிடக்கிறதை வட்டிக்கு வச்சாவது கட்டிடலாம்னு பார்த்தேன். மனசு கேக்கல. அதான் இங்க எழுதிப் போட்டேன்" என்றார் தாயார்.

நாங்கள் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டோம். "தம்பி, வீட்டில் மேக் கம்ப்யூட்டர் இருக்கிறதா?" "இல்லை மாமா, விண்டோஸ் லேப்டாப்தான். ஆப் இன்னும் பாதிகூட முடியல" என்றார்.

அப்படியானால் அந்தப் பணத்தை அன்று கட்ட வேண்டிய அவசியமே இல்லை. கட்டியிருந்தால் அந்த ஒரு வருடம் வீணாக ஓடிப் போயிருக்கும். நகையின் வட்டியும் கூடவே ஓடியிருக்கும்.

நம் பிள்ளைகள் பலர் இப்போது ஆப் செய்யும் படிப்புக்குப் போகிறார்கள். சிறு தொழில் செய்யும் நம் குடும்பங்களும், ஜமாஅத்துகளும், சங்கங்களும் தங்களுக்கென்று ஓர் ஆப் வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டணம் என்ன, எதற்கு, எப்போது, யார் பெயரில் என்பதைப் பெற்றோர்களுக்கும் புரியும்படி இந்த இதழில் விளக்குகிறோம்.

கட்டணம் எவ்வளவு?

ஐபோன், ஐபேட், மேக் கம்ப்யூட்டர் ஆகியவற்றைச் செய்யும் அமெரிக்க நிறுவனம் ஆப்பிள். அந்தக் கருவிகளில் ஓடும் ஆப்களைச் செய்கிறவர்களுக்காக அந்த நிறுவனம் ஒரு உறுப்பினர் திட்டம் வைத்திருக்கிறது. அதன் பெயர் ஆப்பிள் டெவலப்பர் புரோகிராம். உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 8,910 ரூபாய் ஆகிறது. பதிவு செய்யும்போது திரையில் என்ன தொகை வருகிறதோ அதுதான் கட்ட வேண்டிய தொகை.

இது ஒரு தடவை கட்டிவிட்டு மறந்துவிடும் பணம் அல்ல. ஒவ்வொரு வருடமும் கட்ட வேண்டும். ஐந்து வருடம் ஓர் ஆப்பை வைத்திருக்க நினைத்தால், இதே கணக்கில் 44,550 ரூபாய். ஓர் ஆப் வைத்திருந்தாலும் பத்து ஆப் வைத்திருந்தாலும் கட்டணம் ஒன்றுதான். அதேபோல் ஆப்பை இலவசமாகக் கொடுத்தாலும் விலைக்கு விற்றாலும் கட்டணம் ஒன்றுதான்.

இன்னொரு திட்டமும் உண்டு. அதை என்டர்பிரைஸ் புரோகிராம் என்பார்கள். அதற்கு ஆண்டுக்கு 299 டாலர். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரிய நிறுவனங்கள், தங்கள் ஊழியர்கள் மட்டும் பயன்படுத்தும் ஆப்களுக்காக வாங்குவது அது. நம் மாணவர்களுக்கும் சிறு தொழில் செய்கிறவர்களுக்கும் அதில் வேலை இல்லை.

இந்தக் கட்டணம் எப்படி வந்தது?

முன்பு இதைவிடப் பெரிய தொகைகள் இருந்தன. மேக் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதியவர்களுக்கு ஆப்பிள் வைத்திருந்த பழைய உறுப்பினர் திட்டத்தில், செலக்ட் என்ற வகைக்கு ஆண்டுக்கு 499 டாலர், பிரீமியர் என்ற வகைக்கு 3,499 டாலர். கம்பெனிகளும் வசதியுள்ளவர்களும்தான் சேர முடியும் என்ற நிலை.

2008 மார்ச்சில் ஐபோனுக்கு ஆப் எழுதும் கருவிகளை ஆப்பிள் வெளியிட்டபோது 99 டாலர் என்ற தொகையை வைத்தது. அதே ஆண்டு ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அன்று அதில் ஏறக்குறைய 500 ஆப்கள்தான் இருந்தன. 2010-இல் மேக் கம்ப்யூட்டருக்கான கட்டணமும் 99 டாலராகக் குறைக்கப்பட்டது. ஆனால் ஐபோனுக்கு ஒரு 99, மேக்குக்கு இன்னொரு 99 என்று இரண்டு தடவை கட்ட வேண்டியிருந்தது. 2015 ஜூனில் எல்லாவற்றையும் ஒரே திட்டமாகச் சேர்த்தார்கள். அன்று முதல் ஒரே 99 டாலரில் ஐபோன், ஐபேட், மேக், வாட்ச் எல்லாவற்றுக்கும் ஆப் வெளியிடலாம்.

டாலர் கணக்கில் தொகை மாறவில்லை. ஆனால் 2008-இல் ஒரு டாலர் நாற்பது சொச்சம் ரூபாய். இன்று அதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே அங்கே ஏறாத கட்டணம் நம் கைக்கு வரும்போது ஏறித்தான் இருக்கிறது.

எதற்காகக் கட்டுகிறோம்?

பெற்றோர்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இது படிப்புக் கட்டணம் அல்ல. கடைக்கு வாடகை.

தையல் கற்றுக்கொள்ள பஜாரில் கடை பிடிக்க வேண்டியதில்லை. வீட்டில் மிஷினைப் போட்டுக் கற்றுக்கொள்ளலாம், வீட்டாருக்குத் தைத்துக் கொடுத்துப் பழகலாம். நாலு பேர் வந்து துணி கொடுக்கும் நிலை வந்த பிறகு கடை பிடித்தால் போதும். ஆப்பிளின் 99 டாலரும் அப்படித்தான். ஆப் ஸ்டோர் என்ற பஜாரில் நம் பெயருக்கு ஒரு கடை. வாடகை கட்டுகிற வரை திறந்திருக்கும், நிறுத்தினால் மூடப்படும்.

கட்டணம் கட்டினால் கிடைப்பவை:

ஆப் ஸ்டோரில் ஆப்பை வெளியிடலாம். வெளியிடும் முன் ஒவ்வொரு ஆப்பையும் ஆப்பிள் பரிசீலித்து, விதிப்படி இருந்தால்தான் அனுமதிக்கும். கட்டணம் கட்டியதாலேயே அனுமதி கிடைத்துவிடாது.

டெஸ்ட்ஃப்ளைட் என்ற வழியில், வெளியிடும் முன்பே 10,000 பேர் வரை ஆப்பைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

போனில் மணி அடித்து வரும் அறிவிப்புகளை நம் ஆப் மூலம் அனுப்பும் வசதி கிடைக்கும்.

ஆப் ஸ்டோருக்கு வெளியே மேக் மென்பொருளைக் கொடுக்க நினைத்தால், இது இன்னார் செய்தது என்று ஆப்பிள் உறுதி செய்யும் சான்று கிடைக்கும். அது இல்லாவிட்டால், மென்பொருளைத் திறக்கும்போது கம்ப்யூட்டர் எச்சரித்துத் தடுக்கும்.

ஏன் இதை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று பலர் கேட்கிறார்கள். கட்டணம் இருப்பதால் ஒரே ஆள் நூறு பொய்ப் பெயரில் கணக்குத் திறந்து மோசடி ஆப்களைக் கொட்டுவது கடினமாகிறது. உண்மைப் பெயரும் பணம் கட்டிய சுவடும் ஒவ்வொரு ஆப்புக்குப் பின்னாலும் இருக்கின்றன. இது ஒரு பக்கம். மறுபக்கம், கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கம்பெனியும், ஊருக்காக இலவச ஆப் செய்யும் மாணவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். இது நியாயமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பணத்தை எப்போது எடுப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

பணம் கட்டாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

வெகு தூரம் போகலாம்.

மேக் கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு எக்ஸ்கோடு என்ற கருவி முற்றிலும் இலவசம். ஆப் எழுதுவதும் திரையில் ஓட்டிப் பார்ப்பதும் அதிலேயே முடியும். 2015 முதல், கட்டணம் கட்டாமலே தம்முடைய சொந்த ஐபோனிலும் ஆப்பை ஏற்றிப் பார்க்கலாம். சாதாரண ஆப்பிள் கணக்கு இருந்தால் போதும். ஆனால் அப்படி ஏற்றிய ஆப் ஏழு நாள்தான் ஓடும், பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். அறிவிப்பு அனுப்புவது போன்ற சில வசதிகளும் இருக்காது. கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய இடைஞ்சல் அல்ல.

ஐபேட் இருக்கும் வீடுகளில் ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ் என்ற இலவச ஆப் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் விளையாட்டுப் போல நிரல் எழுதப் பழகலாம்.

மேக்கும் இல்லை, ஐபேடும் இல்லை என்றாலும் கதவு அடைபடவில்லை. ஆப்பிள் ஆப்கள் எழுதப்படும் ஸ்விஃப்ட் மொழி 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2020 முதல் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அதை நிறுவிக் கற்கலாம். ஃப்ளட்டர் போன்ற கருவிகளில் எழுதினால், விண்டோஸ் லேப்டாப்பில் செய்து கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிப் பார்க்கலாம். அதே ஆப்பை ஐபோனுக்கு மாற்றும் கடைசிக் கட்டத்தில்தான் மேக் தேவைப்படும். அந்தக் கட்டம் வரும்வரை ஆப்பிளுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.

எங்களிடம் வந்த மாணவர் இருந்த இடம் இதுதான். அவருடைய படிப்பு நின்றுவிடும் என்ற பயம் தேவையற்றது.

மற்ற வழிகளும் செலவும்

நம் ஊரில் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன்தான். அதற்கான கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் 25 டாலர். வருடாவருடம் அல்ல, ஒரே ஒரு தடவை. மேலே சொன்ன கணக்கில் 2,250 ரூபாய். ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறக்கப்பட்ட தனிநபர் கணக்காக இருந்தால், முதலில் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்த பிறகே ஆப்பைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். நம் வீட்டிலும் தெருவிலும் 12 பேர் கிடைப்பது கஷ்டம் இல்லை.

மூன்றாவது வழி இணையதளம். தொழுகை நேரம், ரத்த தானம் செய்வோர் பட்டியல், கடையின் விலைப் பட்டியல் போன்றவற்றுக்குத் தனி ஆப்பே தேவையில்லை. ஆப் போல இயங்கும் இணையப் பக்கம் செய்து, போனின் முகப்புத் திரையில் ஒட்டிக்கொள்ளச் சொல்லலாம். ஐபோனிலும் இது முடியும். 2023-இல் இருந்து, அப்படி ஒட்டிய பக்கத்திலிருந்து ஐபோனுக்கு அறிவிப்பும் அனுப்ப முடிகிறது. இதற்கு ஆப்பிளுக்கோ கூகுளுக்கோ கட்டணம் கிடையாது. இணையதளத்தின் செலவு மட்டும்தான்.

ஆகவே எங்கள் ஆலோசனை: முதலில் இணையப் பக்கம், பிறகு ஆண்ட்ராய்டு, ஐபோன் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ஆப்பிள். இந்த வரிசையில் போனால் கைப்பணம் கரையாது.

யார் பெயரில் கட்டுவது?

எவ்வளவு என்பதைவிட முக்கியமான கேள்வி இது. இதில் சறுக்கியவர்களை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம்.

பக்கத்து ஊர் ஜமாஅத்துக்கு ஓர் இளைஞர் ஆப் செய்து கொடுத்தார். தொழுகை நேரம், ஜனாஸா அறிவிப்பு, ரத்தம் தேவைப்படுவோர் விவரம் எல்லாம் அதில் இருந்தன. நல்ல எண்ணத்தில் தன் சொந்தப் பெயரில், தன் கார்டில் கட்டணம் கட்டி வெளியிட்டார். முதல் இரண்டு வருடம் எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பழைய கார்டு காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலை அவர் கவனிக்கவில்லை. உறுப்பினர் காலம் முடிந்தது, ஆப் ஸ்டோரிலிருந்து ஆப் மறைந்தது.

ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்கு அது ஓடிக்கொண்டிருந்ததால் நிர்வாகிகளுக்கு விஷயமே தெரியவில்லை. புதுப் போன் வாங்கியவர்கள் தேடினால் கிடைக்கவில்லை. ஒரு பெரியவரின் ஜனாஸா செய்தி தன் போனுக்கு வரவில்லை என்று அவருடைய நெருங்கிய நண்பர் வந்து வருத்தப்பட்டபோதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். அவர் அந்த மாதம்தான் போன் மாற்றியிருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கி எட்டாத தூரத்தில் வீடு.

யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. அந்த இளைஞர் தன் பணத்தில் ஊருக்கு நன்மை செய்தவர். ஆனால் ஊரின் பொதுச் சொத்து ஒருவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. அதுதான் தவறு. பள்ளிவாசல் நிலத்தை யாரோ ஒருவர் பெயரில் எழுதி வைப்போமா?

இதைச் சரிசெய்ய வழி உண்டு. ஓர் ஆப்பை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற ஆப்பிள் அனுமதிக்கிறது. கொடுப்பவர், வாங்குபவர் இருவருடைய கணக்கும் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே அந்த இளைஞர் முதலில் தன் கணக்கைப் புதுப்பித்து, பிறகு ஜமாஅத்தின் பெயரில் திறந்த கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்.

பெயர் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியவை:

தனிநபராகச் சேர்ந்தால், ஆப் ஸ்டோரில் ஆப்புக்குக் கீழே விற்பவர் என்று அவருடைய சட்டப்பூர்வமான சொந்தப் பெயரே வரும். ஒருவர் மட்டும் நடத்தும் சிறு தொழிலாக இருந்தாலும் தனிநபராகத்தான் சேர வேண்டும். கடைப் பெயர் வராது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகள், தங்கள் பெயர் பொதுவில் வருவது பற்றி முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

அமைப்பாகச் சேர வேண்டுமானால், சட்டப்படி பதிவு செய்யப்பட்ட அமைப்பாக இருக்க வேண்டும். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற நிறுவனம் கொடுக்கும் ஒன்பது இலக்க டன்ஸ் எண் வேண்டும். ஆப்பிளின் பக்கம் வழியாக விண்ணப்பித்தால் இந்த எண் இலவசமாகவே கிடைக்கும். இதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். அமைப்புக்கென்று சொந்த இணையதளம் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் அமைப்பின் சார்பில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும்.

அமைப்பின் கணக்கில் பல பேரைச் சேர்த்து ஆளுக்கொரு பொறுப்புக் கொடுக்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஓர் ஆள் வெளியூர் போனாலும் வேலை நிற்காது.

18 வயது நிறையாதவர்கள் தம் பெயரில் சேர முடியாது. பள்ளி மாணவர் ஆப் செய்தால், வெளியிடும் நேரத்தில் வாப்பாவோ உம்மாவோ தம் பெயரில் சேர வேண்டியிருக்கும்.

கட்டண விலக்கு உண்டா?

உண்டு. லாப நோக்கமற்ற அமைப்புகள், அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், அரசு அமைப்புகள் ஆகியவற்றுக்கு 99 டாலரிலிருந்து விலக்கு அளிக்கும் முறையை ஆப்பிள் 2018-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பிறகு வேறு பல நாடுகளுக்கும் விரிவாக்கியது. நிபந்தனை, இலவச ஆப்களை மட்டுமே வெளியிட வேண்டும். ஆப்புக்குள்ளும் எதையும் விற்கக் கூடாது. எந்தெந்த நாட்டு அமைப்புகள் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியல் ஆப்பிளின் பக்கத்தில் இருக்கிறது. பட்டியல் மாறக் கூடியது என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தனிநபர்களுக்கு இந்த விலக்குக் கிடையாது.

மாணவர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. ஸ்விஃப்ட் ஸ்டூடன்ட் சேலஞ்ச் என்ற போட்டியை ஆப்பிள் ஆண்டுதோறும் நடத்துகிறது. 2024-இல் உலகம் முழுவதிலுமிருந்து 350 பேர் தேர்வானார்கள். வெற்றி பெறுவோருக்குக் கிடைக்கும் பரிசுகளில் ஓராண்டு உறுப்பினர் தகுதியும் ஒன்று. 13 வயது முதல் கலந்துகொள்ளலாம். நம் பிள்ளைகள் முயன்று பார்க்க வேண்டிய போட்டி.

சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு

ஆண்டுக் கட்டணம் தவிர, ஆப் மூலம் விற்பனை நடந்தால் ஆப்பிள் கமிஷனும் எடுக்கும். ஆப்பின் விலை, ஆப்புக்குள் விற்கும் பாடங்கள், சந்தா போன்றவற்றில் வழக்கமாக 30 சதவீதம். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறு தொழில் செய்வோருக்கு 2021 முதல் 15 சதவீதம். ஆனால் இந்தச் சலுகை தானாக வராது. விண்ணப்பித்துச் சேர வேண்டும். பலர் இதைத் தெரியாமல் இழக்கிறார்கள்.

பிரியாணி, துணி, அத்தர் போன்ற பொருள்களை ஆப் மூலம் ஆர்டர் எடுத்து விற்றால் அதில் ஆப்பிள் கமிஷன் எடுப்பதில்லை. அதற்கான பணத்தை நம் வழக்கமான வழிகளில் வாங்கிக்கொள்ளலாம்.

நன்கொடை திரட்ட நினைக்கும் அமைப்புகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிளிடம் உரிய அங்கீகாரம் பெறாமல் ஆப்புக்குள்ளேயே நன்கொடை வாங்க விதி இடம் கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட ஆப் இலவசமாக இருக்க வேண்டும். பணத்தை ஆப்புக்கு வெளியே, இணையப் பக்கம் போன்ற வழியில்தான் பெற வேண்டும். இதைக் கவனிக்காமல் ஆப் செய்து முடித்தால் பரிசீலனையில் திரும்பி வந்துவிடும்.

ஏமாறாமல் இருக்க

சேர்க்கையின்போதே "டெவலப்பர் கட்டணம்" என்று சேர்த்து வாங்கும் பயிற்சி நிலையங்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பணம் யாருக்குப் போகிறது? கணக்கு யார் பெயரில் திறக்கப்படும்? ஆப்பிளின் ரசீது யார் மின்னஞ்சலுக்கு வரும்? மூன்றுக்கும் பிள்ளையின் பெயரோ பெற்றோர் பெயரோ பதிலாக வராவிட்டால் கட்ட வேண்டாம்.

"ஆயுள் முழுவதற்கும் ஒரே கட்டணம்" என்று ஆப்பிள் கணக்கு விற்பவர்களை நம்ப வேண்டாம். அப்படி ஒரு திட்டமே இல்லை. வேறொருவர் கணக்கை வாங்கிப் பயன்படுத்துவதும் ஒப்பந்தத்துக்கு விரோதம்.

"ஆப் ஸ்டோர் தேவையில்லை, எங்களிடம் என்டர்பிரைஸ் சான்று இருக்கிறது, எல்லார் போனிலும் ஏற்றித் தருகிறோம்" என்பவர்களும் உண்டு. ஊழியர்களுக்கு மட்டும் என்று கொடுத்த சான்றை வெளியாருக்குப் பயன்படுத்தினால் ஆப்பிள் அதை ரத்து செய்யும். 2019 ஜனவரியில் பேஸ்புக் நிறுவனத்தின் சான்றையே இந்தக் காரணத்துக்காக ரத்து செய்தது. அவர்களுடைய ஊழியர்கள் பயன்படுத்திய ஆப்களும் அன்று நின்றுபோயின. பேஸ்புக்குக்கே அந்த நிலை என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சொந்தக் கணக்கு வைத்திருப்பவர்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேவையில்லாத வருடத்தில் அது பணத்தை எடுத்துவிடும். தேவையான வருடத்தில் கார்டு செல்லாவிட்டால் ஆப் மறைந்துவிடும். இரண்டுக்கும் சேர்த்து, காலம் முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எப்போது கட்டலாம்?

ஆப் முழுமையாக முடிந்திருக்கிறது. குறைந்தது பத்து இருபது பேர் ஆண்ட்ராய்டிலோ இணையத்திலோ பயன்படுத்திப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஐபோனுக்கு மாற்ற ஒரு மேக் கம்ப்யூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த வருடக் கட்டணம் எங்கிருந்து வரும் என்றும் தெரிகிறது. இந்த ஐந்தும் சேர்ந்தால் தயங்காமல் கட்டலாம். அப்போது அது செலவு அல்ல, தொழிலுக்குப் போடும் முதல். ஒன்று குறைந்தாலும் பொறுத்திருப்பது நல்லது.

அந்தத் தாயாரிடம் இதையெல்லாம் சொன்னோம். ஆப்பிள் கட்டணத்துக்கு நாங்கள் உதவி தரவில்லை. அதற்குப் பதிலாக, இரண்டு தவணை பாக்கியிருந்த கல்லூரித் தேர்வுக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அதை அவர் விண்ணப்பத்தில் எழுதவே இல்லை, பேசும்போது வாய்தவறி வந்தது. பயிற்சி நிலையத்தில் பையன் போய்க் கேட்டபோது, கட்டணம் கட்டாமலே பாடத்தைத் தொடரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அவருடைய ஆப் இப்போது ஆண்ட்ராய்டு போனில் ஓடுகிறது. பிழைகளைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

இதுபோல் கம்ப்யூட்டர் படிப்பு, ஆப் கட்டணம், பயிற்சி நிலையச் சேர்க்கை பற்றிச் சந்தேகம் உள்ள பெற்றோர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நமது அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு, இந்தத் துறையில் வேலை செய்யும் நமதூர்ப் பிள்ளைகள் இருவர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சி நிலையம் கொடுத்த ரசீதையும் கட்டண விவரத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.